திண்டுக்கல் சீமை – 17: படைக் கணக்கும் பாளையக் கூட்டணியும்

சென்ற இதழில் 1755ஆம் ஆண்டில் நிறுத்தியிருந்தோம். மூன்று ஆண்டுகள் திருச்சிராப்பள்ளியைச் சுற்றிச் சுற்றி வந்தும் கோட்டை கைக்கு எட்டாமல், கஜானாவும் காலியாகி, மைசூர்ப் படை ஊர் திரும்பிவிட்டது. திண்டுக்கல் சீமையிலோ பாளையக்காரர்கள் கப்பம் கட்டுவதை நிறுத்திவிட்டார்கள். மைசூர் அமைச்சர் நஞ்சராஜர் இங்கே புதிய பௌஜ்தாராக (படைத் தலைவராக) ஒருவரை அனுப்பிவைத்தார். அவர் பெயர் ஹைதர் அலி. எழுதப் படிக்கத் தெரியாதவர். அவருக்குக் கணக்கு எழுதக் காண்டே ராவ் என்ற பிராமணர் கூடவே வந்தார்.

பாளையக்காரர்களோடு முதல் சண்டைகள் முடிந்ததும் ஹைதர் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெற்றிச் செய்தி அனுப்பினார். கூடவே மாண்டவர், காயம்பட்டவர் என்று நீளமான ஒரு பட்டியலும் போயிற்று. காயம்பட்ட வீரனுக்குக் குணமாகும்வரை தனிப் படி கொடுப்பது அந்நாள் வழக்கம். அதற்கு ஆளை நேரில் பார்த்து எண்ண வேண்டும். பரிசுப் பொருள்களோடு தலைநகரிலிருந்து ஓர் அதிகாரி வந்து சேர்ந்தார். கையிலும் காலிலும் மஞ்சள் தோய்த்த துணியைச் சுற்றிக்கொண்டு 700 பேர் அவர் முன் வரிசையாக நின்றார்கள். உண்மையில் காயம்பட்டிருந்தவர்கள் 67 பேர்தான். மொத்தப் படையை எண்ணும்போதும் இதேபோல ஒன்று நடந்தது. எண்ணப்பட்டவர்கள் பின்பக்கமாகச் சுற்றி வந்து மறுபடியும் வரிசையில் நின்றதால், 10,000 பேர் கணக்கில் 18,000 பேராக ஏறினார்கள்.

இதையெல்லாம் எழுதிவைத்தவர் மார்க் வில்க்ஸ். மைசூரில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்தவர். அவருடைய மைசூர் வரலாற்றின் முதல் பாகம் 1810இல் வெளிவந்தது. ஹைதர் குடும்பத்தை வீழ்த்திய தரப்பின் பேனா அது என்பதை மறந்துவிட்டு அதைப் படிக்கக்கூடாது. என்றாலும் இந்தக் கதையைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பொய்க் கணக்கு அன்றைய படைகள் அனைத்தையும் அரித்துக்கொண்டிருந்த நோய். ஆயிரம் பேருக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு அறுநூறு பேரை மட்டும் வைத்துக்கொள்ளாத சர்தாரைக் காண்பது அரிது. மற்ற சர்தார்கள் அந்தப் பணத்தை மாளிகைக்கும் நகைக்கும் செலவழித்தார்கள். ஹைதர் அதைப் படையிலேயே போட்டார். அவர் வேறுபடுவது இங்கேதான்.

திண்டுக்கல் மலைக்கோட்டையில் அவர் செய்த வேலையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். திருச்சிராப்பள்ளி முற்றுகையின்போது பிரெஞ்சுப் படையையும் கம்பெனிப் படையையும் பக்கத்திலிருந்தே கவனித்தவர் அவர். சிறிய எண்ணிக்கையில் நிற்கும் சிப்பாய்கள் ஒரே ஆணைக்கு ஒரே நேரத்தில் சுட்டுவிட்டு, மருந்து கெட்டித்து மறுபடி சுடும்போது, பத்து மடங்கு பெரிய குதிரைப் படையும் சிதறி ஓடுவதைக் கண்ணால் கண்டிருந்தார். திண்டுக்கல்லுக்கு வந்ததும் பிரெஞ்சுக்காரர்கள் வழியாகக் கைத்தொழில் தெரிந்தவர்களை வரவழைத்து, பீரங்கியும் வெடிமருந்தும் செய்யும் ஆயுதசாலை ஒன்றை அமைத்தார். பிரெஞ்சு முறையில் கவாத்துப் பழகிய காலாட்படையும் இங்கே உருவாயிற்று. இன்று சுற்றுலாப் பயணிகள் படியேறி மூச்சு வாங்கும் அந்தப் பாறையைச் சுற்றித்தான், பின்னாளில் சென்னைக் கோட்டையின் வாசல்வரை வந்து கம்பெனியை உடன்படிக்கைக்கு இழுத்த படையின் வித்து விழுந்தது. நகரின் பேகம்பூர் ஹைதரின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் அடக்கமாகியிருப்பதும் அங்கேதான்.

எதிரே நின்ற பாளையப் படையோ முற்றிலும் வேறு வகை. கன்னிவாடி, இடையகோட்டை, நிலக்கோட்டை, அம்மையநாயக்கனூர், ஆயக்குடி, பழனி, விருப்பாச்சி என்று எந்தப் பாளையத்தை எடுத்துக்கொண்டாலும் அமைப்பு ஒன்றுதான். வீரனுக்கு மாதச் சம்பளம் கிடையாது. கட்டுபடி நிலமோ காவல் மானியமோ கொடுத்திருப்பார்கள். அதை உழுது சாப்பிட்டுக்கொண்டு, பாளையக்காரர் கொம்பூதச் சொன்னால் ஈட்டியோடும் வளரியோடும் நாட்டுத் துப்பாக்கியோடும் வந்து நிற்பான். ஊர்க்காவலும் திசைக்காவலும் அவன் பொறுப்பு. மாடு களவு போனால் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். அந்த வீரன் போலீஸாகவும் இருந்தான், குடியானவனாகவும் இருந்தான், சிப்பாயாகவும் இருந்தான். சொந்தக் காட்டில், சொந்த மலையடிவாரத்தில் அவனை வெல்வது லேசான காரியமல்ல. ஆனால் விதைப்புக் காலம் வந்துவிட்டால் அவன் ஊர் திரும்பியாக வேண்டும். ஐந்து நாள் நடைத் தொலைவில் இன்னொருவர் கோட்டைக்காக மாதக்கணக்கில் காத்துக் கிடக்க அவனால் ஆகாது.

ஹைதருக்கும் எல்லாமே வெற்றியாக அமையவில்லை. 1757இல் மதுரைமீது பாய்ந்தவரை நத்தம் கணவாய் அருகே கான்சாகிப் என்ற முகமது யூசுப் கான் அடித்துத் துரத்தினார். யூசுப் கானும் கம்பெனிக் கவாத்தில் தேர்ந்தவர். ஒரே வகைப் பயிற்சி பெற்ற இரண்டு படைகள் மோதியபோது கான்சாகிப் ஜெயித்தார். அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பெரிய சிக்கல். சம்பள பாக்கிக்காக மைசூர்ப் படை அமைச்சர் வாசலிலேயே உட்கார்ந்து மறியல் செய்தது. திண்டுக்கல்லிலிருந்து போன ஹைதரும் காண்டே ராவும் ஏடுகளைப் பிரித்து ஆள் ஆளாகச் சரிபார்த்தார்கள். உண்மையான பாக்கியைக் கொடுத்தார்கள், பொய்ப் பெயர்களை அடித்தார்கள், வேண்டாத குதிரைப் படையைக் கலைத்தார்கள். கணக்கில் எந்தெந்த இடத்தில் ஓட்டை இருக்கும் என்று தெரிந்த ஆள் அல்லவா அவர்! தங்களுக்குப் படியளக்கிறவர் யார் என்று அன்றைக்கே மைசூர்ப் படைக்குத் தெரிந்துவிட்டது. 1761க்குள் மைசூரே அவர் கைக்கு வந்தது.

அதற்குப் பின் நாற்பது ஆண்டுகள் திண்டுக்கல் சீமைக்கு நிம்மதி இல்லை. 1767இல் கம்பெனி பிடித்தது, 1768இல் ஹைதர் மீட்டார். 1783இல் மறுபடி கம்பெனி. 1784 மங்களூர் உடன்படிக்கையில் ஹைதரின் மகன் திப்புவுக்குத் திரும்பியது. 1790இல் கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் கோட்டையைப் பிடித்தார். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு கம்பெனிக்கே நிலையாகச் சொந்தமாயிற்று. ஒவ்வொரு கைமாற்றத்திலும் கிஸ்தி மாறியது, பழைய பாக்கி புதிய எஜமானுக்குப் போனது, நேற்றைய விசுவாசம் இன்றைய துரோகமானது. 1796இல் கலெக்டராக வந்த ஹர்டிஸ் காலத்தில் நிலத்தை அளந்து தீர்வை வகுக்கும் வேலை தொடங்கியது. கட்டுபடி நிலமும் காவல் மானியமும் கம்பெனிக் கணக்கில் 'வருமானம் தராத நிலம்' என்று தெரிய ஆரம்பித்தன. படை இருந்ததே அந்த நிலத்தில்தான் என்பதைக் கலெக்டர்கள் அறியாதவர்களல்ல. அறிந்துதான் கைவைத்தார்கள் என்பது என் கருத்து.

இந்த இடத்தில்தான் விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் வருகிறார்.

ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி போகும் சாலையில், பழனி மலைத்தொடரின் காலடியில் இருக்கிறது விருப்பாச்சி. தலையூத்து அருவியும் மலை வாழையும் இன்று அதன் அடையாளங்கள். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு அந்த வாழைதான் உயிர். ஊருக்குத் தெற்கே மலையேறிவிட்டால் ஆனைமலை வரை காட்டு வழியாகவே போய்விடலாம். வடக்கே இறங்கினால் தாராபுரம் வழியாகக் கோயம்புத்தூர். கிழக்கே திண்டுக்கல் சமவெளி, அதைத் தாண்டினால் நத்தம், சிவகங்கைச் சீமை. ஒளிந்திருக்கவும் தூது அனுப்பவும் இதைவிடத் தோதான இடம் கிடையாது. 1772இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதரைப் பறிகொடுத்த சிவகங்கை ராணி வேலு நாச்சியார், மருது சகோதரர்களோடு அடைக்கலம் புகுந்தது இந்தப் பாளையத்தில்தான். எட்டு ஆண்டுகள் கழித்து, ஹைதரின் உதவியோடு 1780இல் அவர் சிவகங்கையை மீட்டதை 14ஆம் பகுதியில் பார்த்தோம். மருதுவுக்கும் கோபால நாயக்கருக்கும் இடையே இருந்த உறவு அந்த எட்டு ஆண்டுச் சோற்றிலிருந்து தொடங்கியது.

1799 மே மாதம் திப்பு வீழ்ந்தார். அக்டோபரில் கயத்தாற்றில் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள். கம்பெனிக்கு எதிராகச் சாய்ந்துகொள்ளப் பெரிய அரசு எதுவும் மிச்சமில்லை. தனித்தனியாக நின்றால் ஒவ்வொருவராக விழ வேண்டியதுதான் என்பது அந்த ஓராண்டில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. மணப்பாறை லட்சுமி நாயக்கர், தேவதானப்பட்டி பூசை நாயக்கர், ஆனைமலை யாதுல் நாயக்கர் ஆகியோர் கோபால நாயக்கரோடு சேர்ந்தார்கள். வரலாற்றாசிரியர்கள் இதைத் திண்டுக்கல் கூட்டமைப்பு என்பார்கள். அதோடு நிற்கவில்லை. சிவகங்கையில் மருது, கொங்கு நாட்டுத் தலைவர்கள், வயநாட்டில் கேரளவர்மப் பழசி ராஜா, மைசூருக்கு வடக்கே திப்புவின் சிறையிலிருந்து தப்பிப் படை திரட்டிக்கொண்டிருந்த தூந்தாஜி வாக் வரை தூது போனது. 1800 ஏப்ரலில் விருப்பாச்சிக் காட்டில் கூடிப் பேசினார்கள். தெலுங்கு, தமிழ், கன்னடம், மராத்தி, மலையாளம், உருது என்று பேசிய, வெவ்வேறு சாமி கும்பிட்ட, தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள் எல்லைச் சண்டை போட்டுக்கொண்ட மனிதர்கள் ஒரே எதிரிக்காக ஒரு திட்டம் வகுத்ததை நினைக்க எனக்கு இப்போதும் மெய் சிலிர்க்கிறது. பள்ளிப் பாடத்தில் கட்டபொம்மனுக்குக் கிடைத்த இடத்தில் நாலில் ஒரு பங்காவது இந்தக் காட்டுக் கூட்டத்துக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

திட்டம் இதுதான். கோயம்புத்தூர்க் கோட்டையில் கம்பெனியின் குதிரைப் படை இருந்தது. அதில் முஸ்லிம் வீரர்கள் கணிசமானவர்கள். 1800 ஜூன் 3, முகரம் பத்தாம் நாள். கோட்டைக்குள் இருந்த முஸ்லிம் வீரர்களின் துணையோடு அன்றைக்குத் தாக்குவது, தெற்கிலிருந்து பாளையப் படைகள் வருவது, வடக்கிலிருந்து தூந்தாஜியின் குதிரைகள் இறங்குவது. காகிதத்தில் பிழையில்லாத திட்டம். ஆனால் செய்தி முன்கூட்டியே கசிந்தது. குறித்த நேரத்துக்கு முன்பே ஒரு பிரிவு நகர்ந்ததில் கம்பெனி உஷாராகிவிட்டது. தூந்தாஜி வரவே முடியவில்லை. ஆர்தர் வெல்லெஸ்லி அவரைத் துரத்திக்கொண்டே போய் செப்டம்பர் 10ஆம் தேதி கொன்றார். வாட்டர்லூவில் பின்னாளில் நெப்போலியனை வென்ற அதே வெல்லெஸ்லிதான். கோயம்புத்தூரிலும் தாராபுரத்திலும் பிடிபட்டவர்களைத் தூக்கில் போட்டார்கள்.

கூட்டணி ஏன் தோற்றது என்று கேட்டால் 'காட்டிக்கொடுத்தவர்கள்' என்ற ஒரே பதிலோடு நிறுத்திக்கொள்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. எட்டயபுரமும் புதுக்கோட்டையும் கம்பெனிப் பக்கம் நின்றது உண்மை. அது மட்டுமே காரணமென்று நான் நினைக்கவில்லை. கோபால நாயக்கரின் கூட்டணிக்குப் பொதுக் கஜானா இல்லை. பொதுத் தளபதி இல்லை. மணப்பாறை வீரனுக்கு மணப்பாறைப் பாளையக்காரர்தான் ஆணையிட முடியும், அவர் வராவிட்டால் அவனும் வரமாட்டான். ஹைதர் அலி இதே மண்ணில் 45 ஆண்டுகளுக்கு முன் கட்டிக்காட்டிய படையில் வீரனின் சம்பளம், துப்பாக்கி, ஆணை மூன்றும் ஒரே இடத்திலிருந்து வந்தன. பாளையக் கூட்டணியில் அவை முப்பது இடங்களிலிருந்து வந்தன. தலைவர்கள் ஒன்றுகூடினார்கள், அவர்களுடைய படைகள் ஒன்றாகவில்லை. அதற்கு அவகாசமும் இருக்கவில்லை என்பதைச் சொல்லாமல் விட்டால் அவர்களுக்கு அநியாயம் செய்தவனாவேன்.

1801இன் கதை வேகமானது. பிப்ரவரி 2ஆம் தேதி பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை தப்பினார். மே 24இல் பாஞ்சாலங்குறிச்சி மறுபடி விழுந்தது. ஜூன் மாதம் மருது திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோவில் மதிலிலும் ஒட்டிய அறிக்கை, சாதி பார்க்காமல் எல்லோரையும் ஆயுதம் ஏந்த அழைத்தது. திண்டுக்கல் கூட்டமைப்பு மலையடிவாரத்தில் மறுபடி எழுந்தது. கம்பெனி இந்த முறை எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் இறங்கியது. விருப்பாச்சி வீழ்ந்தது. கோபால நாயக்கரைப் பிடித்துத் திண்டுக்கல்லில் தூக்கிலிட்டார்கள். அந்த இடம் கோபாலசமுத்திரக் குளக்கரை என்பது திண்டுக்கல்காரர்கள் தலைமுறையாகச் சொல்லி வருவது. அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களையும் தூக்கிலிட்டார்கள். கடைசிவரை தப்பி ஓடிய ஊமைத்துரை அகப்பட்டதும் நம் சீமையில்தான், வத்தலக்குண்டு பக்கம். நவம்பர் 16இல் பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டுபோய் அவர் உயிரைப் பறித்தார்கள். எஞ்சியவர்களில் எழுபதுக்கும் மேற்பட்டோரை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து 'அட்மிரல் நெல்சன்' கப்பலில் ஏற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமி அவர்களில் ஒருவன். பதினைந்து வயது.

தூக்கு மேடைகளைப் பற்றி எழுதிய அளவுக்கு நாம் 1801 டிசம்பர் 1ஆம் தேதி அறிவிப்பைப் பற்றி எழுதவில்லை. மதராஸ் கவர்னர் எட்வர்ட் கிளைவ், அதாவது பிளாசி கிளைவின் மகன், வெளியிட்டது. தெற்குப் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பது தடை செய்யப்பட்டது. கோட்டைகள் இடிக்கப்பட வேண்டும். பாளையக்காரர் இனிப் படை வைத்துக்கொள்ளக் கூடாது. பணிந்தவர்களுக்கு மன்னிப்பு உண்டு, நிலவரி நிரந்தரமாக வகுக்கப்படும். தப்பிய பாளையக்காரர்கள் ஜமீன்தார்களானார்கள். அவர்களுக்காவது ஒரு புது வாழ்வு எழுதப்பட்டது. ஈட்டி பிடித்த கட்டுபடி வீரனுக்கு அப்படி ஒன்றும் எழுதப்படவில்லை. அவன் மானிய நிலத்துக்குத் தீர்வை விழுந்தது, அவன் காவல் உரிமை போயிற்று, அவன் கை ஆயுதம் குற்றமாயிற்று. ஒரே ஆணையில் மூன்றும்.

சண்டை ஓய்ந்த நாட்டில் ஆயுதம் ஏந்தியவர்களை என்ன செய்வது என்ற கேள்வி நம் காலத்திலும் தீர்ந்தபாடில்லை. ஒரு மக்களாட்சி, அதுவும் பிறந்து சில மாதங்களே ஆன மக்களாட்சி, இதை எப்படிக் கையாண்டது என்று பார்க்க நேபாளத்துக்குப் போக வேண்டும். பத்தாண்டு உள்நாட்டுப் போர் 2006 நவம்பர் 21 உடன்பாட்டோடு முடிந்தது. மாவோயிஸ்ட் போராளிகள் 7 பெரிய முகாம்களிலும் 21 துணை முகாம்களிலும் தங்கவைக்கப்பட்டார்கள். ஐ.நா. குழு ஒவ்வொருவரையும் சரிபார்த்து 19,602 பேரைப் பட்டியலில் ஏற்றியது. 2008 ஏப்ரல் தேர்தலில் மாவோயிஸ்டுகளே பெரிய கட்சியாக வந்து, அவர்கள் தலைவர் பிரசண்டா கூட்டணி அரசின் பிரதமரானார். ராணுவத் தளபதி ருக்மாங்கத் கட்டவாலை 2009 மே 3ஆம் தேதி அவர் பதவிநீக்கினார். கூட்டணிக் கட்சிகள் ஒப்பவில்லை, குடியரசுத் தலைவர் ராம் பரண் யாதவ் தளபதியைப் பதவியில் தொடரச் சொன்னார். மறுநாளே பிரசண்டா ராஜினாமா செய்தார். கொஞ்ச நாளில் ஒரு வீடியோ வெளியானது. சக்திகோர் முகாமில் தம் ஆட்களிடம் 2008 ஜனவரியில் அவர் பேசியது. உண்மையில் தங்களிடம் இருந்தது ஏழாயிரம், எட்டாயிரம் பேர்தான், 35,000 என்று சொல்லித்தான் இருபதாயிரத்துக்கு அங்கீகாரம் வாங்கினோம் என்று அதில் விளக்கியிருந்தார். வில்க்ஸ் எழுதிய மஞ்சள் துணிக் கதையைப் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. 2011 இறுதியில் மறுபடி எண்ணியபோது ஏறத்தாழ 2,500 பேரைக் காணவில்லை. அவர்கள் பெயரில் மாதப் படி யார் வாங்கியது என்ற சண்டை அந்தக் கட்சிக்குள்ளேயே வெடித்தது.

இருந்தும் அந்த நாடு ஒரு முடிவை எட்டியது. 2011 நவம்பர் 1ஆம் தேதி நாலு அரசியல் தரப்புகள் கையெழுத்திட்டன. 6,500 பேர் வரை ராணுவத்தில் சேரலாம், மற்றவர்கள் மறுவாழ்வுப் பயிற்சியோ 5 முதல் 8 லட்சம் நேபாள ரூபாயோ தேர்ந்தெடுக்கலாம். கடைசியில் ராணுவத்தில் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 1,400 பேர். 15,000க்கும் மேற்பட்டோர் பணத்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள். மறுவாழ்வுப் பயிற்சி கேட்டவர்கள் 6 பேர். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்று நேபாளத்துக்காரர்களே சொல்வார்கள். சிறுவர்கள் என்று கண்டறிந்து 2010இல் வெளியே அனுப்பப்பட்டவர்களுக்கு அந்தப் பணமும் கிடைக்கவில்லை, அவர்கள் மனக்குமுறல் இன்றும் அடங்கவில்லை. ஆனால் ஆயுதத்தைக் கீழே வைத்தவனின் கட்சி அவையில் உட்கார்ந்திருந்தது. அவன் விலையை அவன் ஆட்கள் பேசினார்கள். ஐந்து ஆண்டு இழுபறியும் ஐந்து பிரதமர்களும் ஆனாலும், அது பேசித் தீர்த்த கணக்கு. இலங்கையில் 2009க்குப் பிறகு ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு முகாம்கள் வழியாக வெளியே வந்தார்கள். அங்கே பேச்சு மேசை என்ற ஒன்றே இருக்கவில்லை. 1801இன் திண்டுக்கல் சீமைக்கு எது நெருக்கம் என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

நம் சீமைக்குத் திரும்புவோம். இங்கே சம்பளப் படையாக மாறியவர்களுக்கும் நிம்மதி கிடைத்துவிடவில்லை. பாளையம் கலைந்து பிழைப்பிழந்தவர்களில் ஒரு பகுதியினர் கம்பெனிப் படையிலேயே சிப்பாய்களானார்கள். 1805 நவம்பரில் புதிய தலைப்பாகை ஆணை வந்தது. நெற்றியில் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி மழிக்க வேண்டும் என்ற கட்டளைகளும் சேர்ந்தன. 1806 ஜூலை 10 விடியலில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்க் கலகம் வெடித்தது. சிப்பாயிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்த அந்தப் படைச் சீர்திருத்தத்தின் விளைவாகப் பிரதம தளபதி ஜான் கிரடாக்கும் கவர்னர் வில்லியம் பெண்டிங்கும் பதவியிழந்து லண்டனுக்குத் திரும்பினார்கள்.

கிராமத்தில் நடந்தது இன்னும் மெதுவானது, இன்னும் ஆழமானது. 1816இல் புதிய போலீஸ் ரெகுலேஷன் வந்து, ஊர்க்காவல் தலையாரியிடம் போனது. சட்டப் புத்தகத்தில் பழைய காவல் செத்துவிட்டது. திண்டுக்கல் சமவெளியில் அது சாகவில்லை. அரசாங்கப் போலீஸ் பத்து மைலுக்கு அப்பால் இருந்தது, களவு போவதோ தன் தொழுவத்து மாடு. குடியானவன் அறுவடையில் காவலுக்கு ஒரு பங்கு ஒதுக்கிக்கொண்டேதான் இருந்தான், மாடு போனால் துப்புக்கூலி கொடுத்து மீட்டுக்கொண்டான். மானியமும் மரியாதையும் பாளையக்காரரின் கட்டுப்பாடும் போய்விட்ட பிறகு, மிஞ்சியது வசூல் மட்டும். காவல் காத்தவனுக்கும் காவலுக்குக் கொடுத்தவனுக்கும் நடுவே கசப்பு ஊறியது. தெற்கே மதுரைப் பக்கத்திலிருந்து வந்து காவல் காத்த கள்ளர்களுக்கு எதிராகத் திண்டுக்கல் வட்டாரத்துச் சிற்றூர்கள் 1896இல் ஒன்றுதிரண்டன. ஊர் ஊராகப் பண்டு வசூலித்துச் சொந்தக் காவலை ஏற்படுத்திக்கொண்டு, பழைய காவல்காரர்களை வெளியேற்றின. தீவைப்பும் அடிதடியும் நடந்தன. பதினைந்து ஆண்டுகளில் குற்றப் பரம்பரைச் சட்டம் மதராஸ் மாகாணத்துக்கு வந்தது. கை ரேகையும் இரவு வருகைப் பதிவுமாக ஒரு சமூகமே போலீஸ் ஏட்டில் ஏறியது. அந்த 1896ஐ அடுத்த இதழில் ஊர்ப் பெயர்களோடு பார்ப்போம்.

(தொடரும்)